நாளைச் சொல்லாதே, சாமி

மத்தியானம் இரண்டரை மணிக்கு எனக்குப் போன் வரும் என்பது எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். கோவை கணபதியில் நான்கு லேத் ஓடும் சின்னப் பட்டறை. சப்மெர்சிபிள் மோட்டார்களுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறோம். சாப்பிட்ட போசியைக் கழுவி வைத்துவிட்டு, பின்பக்கப் படிக்கட்டில் போய் உட்காருவேன். மெல்போர்னில் அப்போது இரவு எட்டு மணி. போர்வைக்குள் புகுந்துகொண்ட என் மகள் முகத்தை மட்டும் வெளியே நீட்டி, “கதை” என்பாள். அரைக் கதை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள்.

ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினார்கள். அன்று முதல் என் போன் மூன்றரைக்கு வந்தது. அக்டோபரில் மறுபடி முன்னால் திருப்ப, பழையபடி இரண்டரை. இப்படிக் கடிகாரம் இரண்டு முறை மாறிவிட்டது. ஜனவரியில் மகளையும் மனைவியையும் விமானம் ஏற்றியபோது எந்த நிலையில் இருந்ததோ, அதே நிலையில்தான் இந்த ஐப்பசியிலும் என் விசா இருக்கிறது.

என் மனைவி நர்ஸ். மெல்போர்னில் படித்து, வேலை பார்த்து, அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவள். மாமனார் படுத்த படுக்கையானபோது ஊர் திரும்பினாள். இங்கேயே எங்கள் கல்யாணம் நடந்தது, மகளும் இங்கேதான் பிறந்தாள். தாய்வழியில் மகளுக்கும் ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடைத்தது. ஆக, வீட்டில் மூன்று பேரில் விசா வேண்டியவன் நான் ஒருவன்தான். 309 என்ற எண்ணுள்ள வாழ்க்கைத்துணை விசாவுக்கு மனுப் போட்டோம். கட்டணம் மட்டும் 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். நம் பணத்தில் சுமார் 5 லட்சம் ரூபாய்.

விசா வந்ததும் மூவரும் ஒன்றாகப் போவது என்றுதான் முடிவு செய்திருந்தோம். ஆனால் விக்டோரியா மாநிலத்தில் ஏப்ரல் 30-க்குள் ஐந்து வயது நிறையும் பிள்ளை அந்த ஆண்டு ஜனவரிக் கடைசியில் ‘ப்ரெப்’ வகுப்பில் சேரலாம். மகளுக்கு மார்ச்சில் ஐந்து. அந்த ஆண்டை விட்டால் இன்னும் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். அப்போதாவது விசா வந்திருக்குமா என்றால் அதற்கும் உறுதி இல்லை. மனைவிக்கும் வேலையை விட்டு வந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இனியும் தள்ளினால் திரும்பச் சேர்வது கடினம்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். “அஞ்சு வயசுப் புள்ளைய அப்பங்கிட்ட இருந்து பிரிக்கறதாங்க?” என்று கேட்டவர்கள் உண்டு. “இன்னொரு வருசம் இங்கயே படிக்கட்டுமே, என்ன குறைஞ்சு போச்சு?” என்றவர்களும் உண்டு. எல்லாம் அக்கறையில் வந்த பேச்சு. ராத்திரி மூன்று மணி வரை நானும் மனைவியும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவள் ஒன்று சொன்னாள்: “ஏனுங்க, காத்திருக்கறது நீங்களும் நானும். அவ எதுக்குங்க காத்திருக்கணும்?” அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் இரண்டு டிக்கெட் போட்டோம்.

விசாவுக்காக நாங்கள் சேர்த்த காகிதங்கள் ஒரு பெட்டி நிறையும். உறவு உண்மையானதுதானா என்பதை நான்கு கோணத்தில் பார்க்கிறார்கள்: பணம், வீட்டு நிர்வாகம், சமூகம் அறிந்த உறவு, ஒருவருக்கொருவர் கொண்ட உறுதி. வங்கிக் கணக்கு, கேஸ் பில், போட்டோ, போன் பேச்சுப் பதிவு என எல்லாவற்றையும் கொடுத்தோம். எங்களை அறிந்த அந்நாட்டவர் இருவர் படிவம் 888-இல் எழுதித் தந்தார்கள். போலீஸ் சான்றுக்காக அவினாசி சாலை பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அலைந்தேன். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணமான 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதை ஒழுங்காகச் செய்திருந்தது கைகொடுத்தது.

எங்கள் கல்யாணத்தைக் கொங்கு வழக்கப்படி அருமைக்காரர் முன்னின்று நடத்தினார். பந்தலில் எழுநூறு பேர் இருந்தார்கள். அத்தனை பேர் பார்த்த கல்யாணத்தை நிரூபிக்கச் சொல்கிறார்களே என்று முதலில் மனம் சுணங்கியது. யோசித்தபோது அது நியாயம் என்றே பட்டது. கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவருக்கு எங்கள் பந்தல் தெரியாது. அவருக்குக் காகிதம்தான் பந்தல். ஆனால் அந்தப் பெட்டியில் ஒரு கேள்வி இல்லை: இடைப்பட்ட காலத்தில் பிள்ளைக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்? அதற்கான பதிலை நாங்களே தேட வேண்டியிருந்தது.

நான் தப்பான பதிலில்தான் தொடங்கினேன். விமான நிலையத்தில் அவள் என் சட்டையை விடவில்லை. “உன் பொறந்த நாளுக்கு வந்துருவேன் கண்ணு” என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்து அழுகையை அடக்க வேறு வார்த்தை வரவில்லை. மார்ச் வந்தது, பிறந்த நாளும் வந்தது. திரையில் கேக் வெட்டினாள். வெட்டும் முன் வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, “சித்திரைக்குள்ள வந்துருவேன்” என்றேன். சித்திரையும் போயிற்று. அதற்குப் பின் அவள் “எப்ப வருவீங்க?” என்று கேட்பதையே நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தபோது வலித்ததைவிட அதுதான் அதிகம் வலித்தது. பிள்ளை பொறுத்துக்கொண்டாள் என்று சிலர் சொன்னார்கள். எனக்குத் தெரியும், அவள் என் பேச்சை நம்புவதை விட்டிருந்தாள்.

அம்மாவிடம்தான் போய்ச் சொன்னேன். திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: “புள்ளைகிட்ட நாளைச் சொல்லாத சாமி. உனக்கு நான் எப்பவாச்சும் சொல்லியிருக்கறனா?”

சொன்னதில்லை. என் அப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகள் இந்தியா முழுக்கப் போகும். கிளம்பினால் மாதக்கணக்கில் திரும்பாது. அன்று வீட்டில் போன் கிடையாது. “அப்பா எப்ப வருவாரு?” என்று கேட்டால் அம்மா, “வண்டி திரும்புனா வருவாரு” என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டாள். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் என்னைக் கூட்டிக்கொண்டு வண்டிக்காரர் ஆபீசுக்குப் போவாள். அங்கே சுவரில் பெரிய இந்திய மேப் மாட்டியிருக்கும். “வண்டி எங்கிருக்குதுங்க?” என்று அம்மா கேட்பாள். கணக்குப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை ஏற்றி நிறுத்துவார். என் விரலைப் பிடித்து ஓர் இடத்தில் வைப்பார். “இங்க. பீகார்.” போன வாரம் வைத்த இடத்துக்கும் இந்த வார இடத்துக்கும் எத்தனை விரற்கடை என்று அளந்து பார்ப்பேன். அப்பா வரும் நாள் எனக்குத் தெரியாது. அப்பா இருக்கும் இடம் ஒவ்வொரு திங்களும் தெரியும். அது பொய்த்ததே இல்லை. அதை வைத்துக்கொண்டே நான் வளர்ந்தேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எங்கள் கொங்கு மண்ணில் லாரியும் ரிக் வண்டியும் எத்தனை ஆண்களை ஊர் ஊராகக் கொண்டு போயின! சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் எத்தனை பெண்கள் நாள் தெரியாமல் காத்திருந்தார்கள்! கடல் தாண்டிப் போனவருக்காகக் காத்திருந்த பெண்ணும் உண்டு. கணிதமேதை ராமானுஜன் பிறந்தது எங்கள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில். 1914 மார்ச்சில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது மனைவி ஜானகிக்குப் பதினைந்து வயதுகூட நிறையவில்லை. கரூர்ப் பக்கம் ராஜேந்திரம் கிராமத்துப் பெண். ஐந்து ஆண்டுகள் அவர் வரவில்லை. அவர் எழுதிய கடிதங்கள்கூட அவளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1919-இல் நோயாளியாகத் திரும்பியவர் சிறிது காலம் காவிரிக் கரையில் கொடுமுடியில் தங்கினார். மறு ஆண்டு ஏப்ரலில் காலமானார். ஜானகி 1994 வரை வாழ்ந்தார். அந்தக் கணிதத்தைப் பற்றி உலகமே பேசுகிறது. அந்த ஐந்து ஆண்டுக் காத்திருப்பைப் பற்றிப் பேச எங்களுக்கு இவ்வளவு நாளாகியிருக்கிறது. காத்திருப்பதைப் பெண்களின் வேலையாக வைத்துவிட்டு, அது ஒரு வேலை என்பதையே மறந்துபோனோம். இன்று அது என் பங்குக்கு வந்தபோதுதான் அம்மாவின் திங்கட்கிழமைகளின் எடை புரிகிறது.

ஆனாலும் என் பங்கு இலகுவானது. நான் உட்கார்ந்த இடத்தில் காத்திருக்கிறேன். மனைவி ஓடிக்கொண்டே காத்திருக்கிறாள். ஷிப்ட் முடிந்து ஓடிவந்து பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிப் போவதும், குளிர்கால ராத்திரியில் காய்ச்சல் கண்ட பிள்ளையை ஒற்றை ஆளாய் மடியில் போட்டு விழித்திருப்பதும் அவள்தான். பிள்ளையோடு முதலில் போவதா என்று யோசிக்கிறவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும். பக்கத்தில் கூப்பிட்ட குரலுக்கு வர ஓர் ஆளாவது இல்லாவிட்டால், ஓர் ஆண்டு தள்ளிப் போவதில் தவறே இல்லை.

எங்களைவிடக் கடினமான நிலையில் இருப்பவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 2024 மார்ச் 11 முதல் விண்ணப்பித்த பராமரிப்புப் பணியாளர்கள் துணையையோ பிள்ளையையோ அழைத்துக்கொள்ளவே முடியாமல் போயிற்று. அதே ஆண்டு ஏப்ரல் 11 முதல், அங்கே குடியுரிமை பெற்றவர் துணையை வரவழைக்கக் காட்ட வேண்டிய ஆண்டு வருமானம் 18,600 பவுண்டிலிருந்து 29,000 பவுண்டாகிவிட்டது. முதியோரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, தூங்க வைக்கப் போன ஒரு தாய் தன் பிள்ளையை இங்கே விட்டுத்தான் போக வேண்டும் என்ற சட்டத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எனக்காவது வரிசை இருக்கிறது. அவர்களுக்கு வரிசையே இல்லை.

அம்மா சொன்ன மறுநாள் மகளிடம் உண்மையைச் சொன்னேன். “அப்பா எப்ப வருவேன்னு அப்பாவுக்கே தெரியாது கண்ணு. அங்க வர்றதுக்குக் கேட்டிருக்கறோம். அவங்க சரின்னு சொன்ன அன்னிக்குக் கிளம்பிருவேன். அதுவரைக்கும் தினமும் நீ தூங்கறப்ப நான் இருப்பேன்.” கொஞ்ச நேரம் யோசித்தாள். “தினமுமா?” என்றாள். “தினமும்” என்றேன். விசா வரும் தேதி என் கையில் இல்லை. போன் வரும் நேரம் என் கையில் இருந்தது. கையில் இருப்பதை மட்டும்தான் பிள்ளைக்குக் கொடுக்க முடியும், கொடுத்ததைத் தவறவிடக் கூடாது. ஆடியில் பெரிய ஆர்டர் வந்து பட்டறை திணறியபோதும், பெரியப்பா இறந்து எழவு வீட்டில் நின்றபோதும், அந்த நேரத்துக்குத் தனியே ஒதுங்கிப் போய்க் கதை சொன்னேன்.

முதலில் எல்லாம், போன் வந்தால் பையன்களிடம் கையைக் காட்டுவேன். பிள்ளை தூங்கட்டும் என்று பின்பக்க லேத்தை நிறுத்துவார்கள். போன மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். பட்டறை முழுக்க ஓய்ந்து கிடந்தது. கதை முடிந்தும் அவள் கண் மூடவில்லை. புரண்டு புரண்டு படுத்தாள்.

“என்ன கண்ணு?”

“அப்பா, இன்னிக்கு ஏன் அந்த ர்ர்ர்ர்ர் சத்தம் வரல?”

ஒரு லேத்தை நிறுத்தினாலும் மற்ற மூன்று லேத்தின் சத்தம் இத்தனை மாதமும் அவளுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் அப்பா அங்கே இருக்கிறார் என்று அர்த்தம். அதன் பிறகு தூங்கலாம். என் அம்மா எனக்கு மேப்பில் ஓர் இடம் காட்டினாள். என் மகள் தனக்கான இடத்தைத் தானே கண்டுபிடித்திருக்கிறாள்.

இப்போது போன் வந்தால் நான் கையைக் காட்டுவதில்லை. “ஓடட்டும்டா” என்கிறேன். நான்கு லேத்தும் ஓடுகின்றன.