தோற்ற நாளின் மரியாதை

2023 நவம்பர் 5, ராஞ்சி. மகளிர் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி இறுதிப்போட்டியில் ஜப்பானை இந்தியா 4-0 என வென்றது. நான்காவது கோல் வந்தனா கட்டாரியாவுடையது. அவர் தன் 300ஆவது சர்வதேசப் போட்டியை ஆடியதும் அதே தொடரில்தான்.

இரண்டாண்டுகளுக்கு முன், டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் அணி தோற்ற அன்று, ஹரித்வார் அருகே அவர் வீட்டு வாசலில் சிலர் பட்டாசு வெடித்து, சாதி சொல்லித் திட்டினார்கள் என்று குடும்பம் போலீசில் புகார் கொடுத்தது. அணியில் தலித்துகள் இருந்ததால்தான் தோல்வியாம்!

அவருக்காகப் பரிந்து பேசிய பலரும், அதே ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அவர் அடித்த மூன்று கோல்களையே எடுத்துக்காட்டினார்கள். அந்தப் பரிவுதான் என்னை உறுத்துகிறது. ஒரு கோலும் அடிக்காதவளாக இருந்திருந்தால்? வசவும் பரிவும் ஒரே தராசில்தானே அவளை நிறுக்கின்றன? நம் வீடுகளில் மட்டும் என்ன, மதிப்பெண் எடுத்தால்தான் மகள் மேலே படிக்கலாம். மகன் தோற்றாலும் மகன்தான்.

கோப்பை வென்ற இரண்டரை மாதத்தில், 2024 ஜனவரியில், அதே மைதானத்தில் அதே ஜப்பானிடம் 0-1 எனத் தோற்று, பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பை அணி இழந்தது. காயத்தால் வந்தனா அந்தத் தொடரில் ஆடவில்லை. ஆடியவர்களில் யாராவது ஒருத்தி அன்றிரவு வீட்டுக்குப் போன் செய்து, வாசலில் யாரும் வந்து நிற்கிறார்களா என்று கேட்டிருப்பாளோ?