குத்தூசி

மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்து, நீண்ட மருத்துவ விடுப்புக்குப் பின் எங்கள் அலுவலக ஊழியர் ஒருவர் மீண்டும் பணியில் சேர்ந்தார். தகுதிச் சான்றைக் கொடுத்தார், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார், பழைய இருக்கைக்கு வந்தார். எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். "சாப்பிட்டாச்சா சார்?" என்று காலை பத்தரை மணிக்கே மூன்று பேர் கேட்டார்கள்.

மத்தியானத்துக்குச் சற்று முன், கோப்பு கட்டுவதற்காக மேசை இழுப்பறையைத் திறந்தார். மரப்பிடி போட்ட குத்தூசி இல்லை. கத்தரிக்கோல் இல்லை, பிளேடும் இல்லை. டேக் கட்டு மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. இழுப்பறையைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு, பக்கத்து மேசையில் பஞ்சிங் மிஷினை வாங்கி ஓட்டை போட்டுக்கொண்டார். யார் எடுத்தது என்று கேட்கவில்லை.

எடுத்தவர் நல்ல எண்ணத்தில்தான் எடுத்திருப்பார். என்னை அரிப்பதும் அதுதான். கெட்ட எண்ணமென்றால் நாலு வார்த்தை சத்தம் போட்டுவிட்டு மறந்துவிடலாம். திரும்பி வந்தவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்திருக்கலாமே என்று தோன்றுகிறது. என்னவென்று கேட்பது? கேட்டிருந்தால் அந்தக் குத்தூசி இன்னும் கூராகியிருக்குமோ?

நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது எங்கள் பெரியப்பா கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் சில மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். கீழ்ப்பாக்கம் என்றாலே சிரிக்கிற ஊர் எங்களுடையது. வந்த மறுநாளே அப்பாயி அவர் கையில் அரிவாளைக் கொடுத்து, "தென்னமட்டை குமிஞ்சு கெடக்கு, கிழிச்சுப் போடுய்யா" என்றாள். அப்பாயியைப் பெரிய ஞானியாக்கிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் ராத்திரி அவர் படுத்த அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டவளும் அவளே. அரிவாள் கொடுத்தது நம்பிக்கையா, அறுவடை நேரத்து ஆள் பற்றாக்குறையா, இன்று யாரிடம் போய்க் கேட்பது?

2021இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மனநோய் உள்ள மத்திய ரிசர்வ் காவல் படை ஊழியர் ஒருவரின் வழக்கு. நோயோடு தொடர்புடைய நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாடு என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பில், மாற்று வேலை கொடுத்தால் துப்பாக்கி அவர் பொறுப்பில் வராமல் பார்த்துக்கொள்ளலாம், சம்பளமும் பணி நிபந்தனைகளும் குறையக் கூடாது என்றும் சொன்னது. முதலில் இதைப் படித்தபோது, அப்படியானால் எங்கள் அலுவலகம் செய்ததும் சரிதானே என்று நினைத்தேன். பிறகு உறைத்தது: அங்கே அவர் வழக்கில் ஒரு கட்சிக்காரர். அவர் தரப்பைக் கேட்டுத்தான் தீர்ப்பு. இங்கே எதுவும் கேட்காமலே இழுப்பறையிலிருந்து குத்தூசி போய்விட்டது. தவிரவும், துப்பாக்கியும் குத்தூசியும் ஒன்றா?

பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பார்த்த வேலை ஒத்துவராவிட்டால் அதே ஊதியத்தில் வேறு வேலை தர வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 21 வகைப் பட்டியலில் மனநோயும் உண்டு. இவருடைய சோர்வு அந்த வரையறைக்குள் வருமா என்பது வேறு கேள்வி.

பிற்பாடு அவரைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். சம்பளம் அப்படியே. அது அவருக்கு நிம்மதியா அவமானமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இப்படித் திரும்பி வந்தவரை எதிரில் உட்காரவைத்து, "என்ன வேலை பார்க்கிறீர்கள், எது வேண்டாம்?" என்று நேராகக் கேட்ட அதிகாரி உங்கள் அலுவலகத்தில் இருந்தால், அந்தப் பேச்சை எப்படி ஆரம்பித்தார் என்று எழுதுங்கள். எங்களுக்கு அதுதான் தெரியவில்லை.