பார்க்காத பறவைக்கு ஒரு கூடு

'காசு காசுன்னு ஏன்டா இப்படி ஆலாய்ப் பறக்குற?' வீட்டுக்கு வீடு கேட்கிற வசனம்தான். அந்த ஆலா ஒரு கடற்பறவை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதன் சொந்தக்காரப் பறவையான ஆர்க்டிக் ஆலா, துருவத்துக்குத் துருவம் போய்வர வருஷத்துக்குச் சுமார் 70,000 கிலோமீட்டர் பறக்கிறது. கடற்கரைக்குப் போனால் ஆலாவைப் பார்க்கலாம். ஊருக்குள் அது வசவில் மட்டும்தான் வாழ்கிறது.

விருத்தாசலத்தில் ஓர் ஓவிய வாத்தியார், 'இன்னிக்குக் கடற்பறவை வரையலாம்' என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். 'கடலே இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு சார்? காக்கா, குருவி போதாதா?' என்று ஓர் அப்பாவாவது கேட்பார். நியாயமான கேள்வி. கண்ணால் பார்க்காத ஓர் உயிருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா?

பதில் அந்த ஊர் ஆற்றிலேயே இருக்கிறது. மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. கடல் நமக்குத்தான் தூரம். நாம் ஆற்றில் வீசுகிற பிளாஸ்டிக் கவருக்கு இல்லை.

பசிபிக் நடுவே மிட்வே என்று ஒரு தீவு. 2009-ல் அங்கே கிறிஸ் ஜோர்டான் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த படங்கள் உலகையே உலுக்கின. செத்துக் கிடந்த ஆல்பட்ராஸ் குஞ்சுகள். மட்கிய வயிற்றுக்குள் பாட்டில் மூடி, லைட்டர். கடலில் மிதந்ததை இரை என்று நம்பி அள்ளி வந்து ஊட்டியது தாயும் தகப்பனும்தான்.

இதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் காட்டலாமா? மறைப்பது பொய். காட்டிவிட்டுச் சும்மா இருப்பது அதைவிட மோசம். பெரியவர்கள் செய்த தப்புக்குப் பிள்ளையைக் கூண்டில் ஏற்றுகிற வேலை அது. கலங்கிய பிள்ளையின் கைக்கு ஒரு வேலை கொடுத்தாக வேண்டும்.

கலிஃபோர்னியாவில் ஆன்யோ நுவேவோ என்ற தீவு. அங்கே மண் அரித்து, ரைனோசரஸ் ஆக்லெட் என்ற கடற்பறவையின் வளைகள் இடிந்துகொண்டிருந்தன. வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவை. வளை சரிந்தால் அந்த வருஷம் அவ்வளவுதான். 2010-வாக்கில் கலிஃபோர்னியா கலைக் கல்லூரியின் ஆசிரியர்களும் மாணவர்களும், ஆய்க்கோனோஸ் என்ற அமைப்போடு சேர்ந்து, களிமண்ணில் கூடு செய்து, சுட்டு, மண்ணுக்குள் பதித்தார்கள். பறவைகள் குடிவந்தன. குஞ்சும் பொரித்தன.

களிமண்ணும் சூளையும் விருத்தாசலத்துக்குப் புதுசா என்ன? செராமிக் தொழிற்பேட்டையும், செராமிக் படிப்புக்கென்றே அரசுக் கல்வி நிலையமும் உள்ள ஊர். கொலுவுக்குப் பொம்மையும் கார்த்திகைக்கு அகலும் அனுப்புகிற ஊர். அங்கே ஒரு பிள்ளை களிமண்ணில் ஆலா செய்யட்டும். முதல் பொம்மை காக்கா மாதிரிதான் வரும். அப்புறம் படத்தை உற்றுப் பார்க்கும். வால் ஏன் பிளந்திருக்கு, கால் ஏன் இவ்வளவு குட்டை என்று கேட்கும். பாடப் புத்தகத்தில் வெறும் பேராக இருந்த பறவை, அப்போதுதான் அதற்கு ஓர் உயிராகத் தெரியும்.

பொம்மை செய்தால் பறவை பிழைத்துவிடுமா? பிழைக்காது. கொலுப்படியில் ஆலாவை வைத்துவிட்டு, மறுநாள் ஆற்றில் கவரை வீசினால் அது வெறும் அலங்காரம். ஆனால், ஒரு சிறகை அரை மணி நேரம் விரலால் தடவித் தடவிச் செய்த பிள்ளைக்கு, கவரை வீசும்போது கை கொஞ்சம் கூசும். ஒழுக்கம் என்று நாம் பெரிசாகப் பேசுவதெல்லாம் அந்தச் சின்னக் கூச்சத்தில்தான் தொடங்குகிறது.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. சட்டத்துக்கு அபராதம் போடத் தெரியும். கூச வைக்கத் தெரியாது. அதை ஓவிய வகுப்புதான் செய்யணும். அந்தப் பீரியடைத்தான் பரீட்சை வந்தால் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார். முதலில் அதைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுப்போம்!