அஞ்சடியில் யாருக்கு இடம்?

தாத்தா வீட்டு முன்புறத்தை நாங்கள் ‘அஞ்சடி’ என்றுதான் சொல்வோம். திண்ணை என்ற சொல்லை நான் தமிழ்ப்பள்ளிப் பாடநூலில்தான் பார்த்தேன். குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். பலகை வீடு, தகரக் கூரை, முன்னால் சிமெண்டுத் தரை, ஒரு நீளப் பெஞ்சு. நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறை முழுக்க அங்கேதான். ஜொகூரில் அந்த மாதங்கள் என்றால் மழைதானே! வெளியே போக வழியில்லாமல் கேரம், பசியாறல், சண்டை எல்லாமே அஞ்சடியில்தான்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் தேடினேன். 1822-இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்தபோது ராஃபிள்ஸ் ஒரு விதி வைத்தார். செங்கல் வீடுகளின் முன்னால் கூரையோடு ஒரு நடைபாதை விட வேண்டும். அது எப்போதும் திறந்திருக்க வேண்டும். பின்னாளில் அதற்கு ஐந்தடிப் பெயர் நிலைத்தது. மலாயில் ‘காக்கி லீமா’, நமக்கு அஞ்சடி. இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. பொறியியல் மாணவனான எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது.

தாத்தாவுக்கு ராஃபிள்ஸ் யாரென்று தெரியாது. ஆனால் அவர் விதியும் அதுதான். மழைக்கு ஒதுங்குகிறவரை யார், எங்கே என்று கேட்க மாட்டார். மோட்டாரில் போகும் மலாய்க்காரர், மீன் விற்க வருகிறவர், தோட்டத்துக்குப் புதிதாக வந்த வங்காளதேசத் தொழிலாளி, யாராக இருந்தாலும் பெஞ்சில் நகர்ந்து உட்காருவார். உள்ளே பார்த்து “இன்னொரு கோப்பி” என்பார். அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தினால் நல்ல கட்டுரையாக இருக்கும். ஆனால் உண்மையாக இருக்காது. எங்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளர். அந்த வங்காளதேசத்து அண்ணனுக்கு மட்டும் ஒரு நீல பிளாஸ்டிக் கப். அது வீட்டுக்குள் வரவே வராது; தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் கவிழ்ந்தே கிடக்கும். ஒன்பது வயதில், “ஏன் பாட்டி அவருக்கு மட்டும் அது?” என்று கேட்டேன். “சும்மா இருடா” என்றார் பாட்டி. தாத்தாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இத்தனைக்கும், தன் அப்பா ஊரில் இருந்தபோது சில தெருக்களில் திண்ணையில் உட்கார விடமாட்டார்கள் என்று எங்களுக்குச் சொன்னதே தாத்தாதான்.

பாதி கொடுத்த உபசரிப்பு அறமா? “கோப்பியாவது கொடுத்தாங்களே, எத்தனை பேர் அதையும் கொடுக்க மாட்டாங்க” என்பான் என் நண்பன். அவன் சொல்வதும் பொய்யில்லை. விருந்தினரைத் தெய்வமாகக் கொள்ளச் சொல்கிறது தைத்திரீய உபநிடதம். அங்கே வரும் ‘அதிதி’ என்ற சொல்லுக்கு, திதி குறிக்காமல் வருகிறவர் என்று விளக்கம் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் நம் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிறவர்கள் அதிதிகளே இல்லை. வாட்சாப்பில் அழைத்து, தலையை எண்ணி, பிரியாணிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுத்தானே காத்திருக்கிறோம்!

எனக்குத் திருக்கோவலூர்க் கதைதான் ஞாபகம் வரும். மழை இரவு, ஒரு குறுகிய இடைகழி. பொய்கையாழ்வார் படுத்திருக்கிறார். பூதத்தாழ்வார் வந்ததும் எழுந்து உட்கார்ந்து இடம் விடுகிறார். பேயாழ்வார் வந்ததும் மூவரும் நிற்கிறார்கள். அப்புறம் யாரோ நான்காவது ஆள் நெருக்குவது தெரிகிறது. அது திருமால் என்று பிறகுதான் புரிகிறது. நாம் கடைசி வரியைத்தான் பெரிதாகச் சொல்கிறோம். எனக்கு முதல் ஆள்தான் முக்கியம். படுத்திருந்தவர் எழுந்தார், அதுவும் வந்தவர் யாரென்று தெரியாமலே. தெய்வம்கூட அங்கே முதலில் ஓர் இடைஞ்சலாகத்தான் வந்தது.

போன டிசம்பரில் ஸ்கூடாயில், நாங்கள் நான்கு மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டு வாசலில், உணவு கொண்டுபோகும் மோட்டார்காரர் ஒருவர் மழையில் நின்றார். எங்கள் போர்ச்சில் இடம் இருந்தது. ஆட்டோ கேட் ரிமோட் என் கையில். உள்ளே நான்கு லேப்டாப், மூன்று மோட்டார். தாமானில் திருட்டு நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பயம் நியாயமானதுதான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். யோசித்து யோசித்து நான் பட்டனை அழுத்தியபோது அவர் போய்விட்டிருந்தார். கேட் மட்டும் திறந்தது.

இதைப் பாட்டியிடம் ஃபோனில் சொன்னேன். அந்த நீலக் கப்பையும் சேர்த்தே கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“அதை இன்னுமாடா ஞாபகம் வச்சிருக்க?” என்றார். பிறகு, “ரெண்டு வருஷம் வந்து போனான் அந்தப் பையன். அவன் பேரு என்னன்னு உங்க தாத்தாவும் கேக்கல, நானும் கேக்கல” என்றார்.