எண்ணலும் இரங்கலும்

பிறர் நோய் கண்டு இரங்குதல் அறம் என்பது யாவர்க்கும் உடன்பாடே. அந்நோயை எண்ணிக் கணக்கிடுதலும் அறமாகுமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. அன்புடையார் கணக்குப் பாரார் என்றும், துன்பத்தை இலக்கமாக்குதல் மனிதரைச் சிறுமைப்படுத்துவதாம் என்றும் கூறுவார் உளர். அவர் கூற்றுப் பொருந்துமாவென்பதைப் புத்தளக் கடற்கரையை முன்வைத்துச் சிந்திப்போம்.

கண்ணெதிரே வீழ்ந்தாரைத் தூக்குதற்கு எண் வேண்டுவதில்லை. ஆயின், நம் கண்ணுக்கு எட்டுவோர் யாவர்? நகரின் பெருந்தெருவில் வாழ்வோரும், வைத்தியசாலைக்கு வண்டியேறி வர வல்லோருமே யாவர். கற்பிட்டிக் கரையிற் பருவந்தோறும் வாடி அமைத்துத் தங்கி, மீன்பாடு மாறியதும் பெயர்ந்து செல்லும் குடும்பங்கள் ஓரூரின் இடாப்பில் முழுமையாக அடங்குதல் அரிது. இரக்கம் தனித்து நிற்பின் அண்மையிலுள்ளாரையே சென்று சேரும். சேய்மையிலுள்ளாரை அதற்குக் காட்டுவது கணக்கேயாம். ஆகவே எண்ணுதல் இரக்கத்துக்குப் பகையன்று; அதன் கண்ணெனத் தகும்.

இதற்கு மலேரியாவின் வரலாறே சான்று. 1934ஆம் ஆண்டிற் பருவமழை பொய்த்தமையால் தெதுறு ஓயா, மகா ஓயா முதலிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றிற் பெருகிய நுளம்பினால் எழுந்த கொள்ளைநோய் 1935ஆம் ஆண்டினுள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. அத்தெதுறு ஓயா சிலாபத்தருகே கடலொடு கலப்பதை நாம் அறிவோம். அக்காலத்தில் ஓரூரில் அந்நோய் எத்துணை வேரூன்றியுள்ளது என்பதை மருத்துவர், பள்ளிச் சிறாரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கினார் எத்தனையர் என எண்ணி மதிப்பிடுதல் வழக்கம். ஊரின் நோயைப் பள்ளிக்கூடமே உரைத்தது என்பதை ஆசிரியர் மறத்தலாகாது.

எனினும், எண் கண்ணாதல் போலவே கண்மூடியுமாகும். மருந்து தெளித்தல் முதலிய முயற்சிகளால் 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். அதன்பின் விழிப்புத் தளர்ந்தது. அப்பத்தாண்டு முடியுமுன் நோயாளர் தொகை மீண்டும் இலட்சக்கணக்காயிற்று. குற்றம் எண்ணினிடத்தன்று, படித்தாரிடத்தது. 17 என்பதை ‘நோய் முடிந்தது’ என்று படித்தனர். ‘இன்னும் 17 பேர் உளர்’ என்று படித்திலர். மாவட்டச் சராசரியைக் கண்டு மகிழ்வாரும் இப்பிழையே செய்கின்றனர். சராசரி நன்றாயிருக்க, அதனுள் ஓர் ஒழுங்கை முழுவதும் நோயுற்றுக் கிடத்தல் கூடும்.

பின்னாளில், காய்ச்சல் கண்டாரின் குருதியைச் சோதித்தும், நோயாளர் ஒவ்வொருவரின் இருப்பிடத்தையும் தேடிச் சென்றும் உழைத்தனர். சர்வோதய இயக்கம் போன்ற மக்கள் அமைப்புகளும் துணைநின்றன. 2012 அக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய நோயாளர் எவரும் காணப்படாமையால், 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இங்கு வென்றது தலைக்கணக்கன்று. ஒருவரையும் விடாது தேடிய கணக்கு.

இனி, கணக்கு யாருக்கு உரியது? 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடபுலத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலார் புத்தளத்தையே அடைந்தனர். உடைமையிழந்து வந்தோர் முன் ஏடும் எழுதுகோலுமாக ஒருவர் நின்று பெயர் வினவின், முதலில் எழுவது ‘எதற்காக?’ என்னும் ஐயமன்றோ? அச்சத்திற் சொல்லப்படும் விடை பொய்க்கணக்காய் முடியும். ஆதலின் நம்பிக்கையே கணக்கின் முதல். ஒருவரது விரல்நுனியிற் பெற்ற குருதித்துளி நாம் பட்ட கடன். அதன் முடிபை அவருக்கு அறிவித்து, அதன் பயனை அவர் வீட்டுக்கு மீட்டளித்தாலன்றி அக்கடன் தீராது. என்ன கேட்பது, எவ்வாறு கேட்பது என்பதிலும் அவ்வூரார்க்குச் சொல்லுரிமை வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே! நாடோறும் நீவிர் எழுதும் வரவு இடாப்பும் இத்தகையதோர் ஏடே. ஒரே ஒழுங்கையிலிருந்து வரும் சிறார் மூவர் ஒரே கிழமையில் வாராதொழியின், அவ்வெறுமைக் கோடுகள் எதையோ உரைக்கின்றன. தண்டித்தற்கு முன் வினவுக. காய்ச்சலாயின் பொதுச் சுகாதார பரிசோதகருக்கு அறிவிக்குக. ஆயின் வகுப்பின் நடுவே அச்சிறுவன் பெயரைக் கூவற்க. நோயை அறிவித்தல் கடமை. நோயாளனை நாணச் செய்தல் கொடுமை.

இவ்விழிப்பு இன்றும் வேண்டுவதே. நமக்கு வடக்கேயுள்ள மன்னாரில் 2016ஆம் ஆண்டு ‘அனோபிலிஸ் ஸ்டீபன்சை’ என்னும் புதியதொரு மலேரியா நுளம்பு கண்டறியப்பட்டது. கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் முட்டையிட வல்ல அது, நகரத்திலும் நோய் பரப்புவது. வீட்டுக்காரர் மனமுவந்து வாயிற்கதவைத் திறந்தாலன்றி, எந்த அதிகாரியும் எல்லாக் கிணறுகளையும் எட்டிப் பார்த்தல் இயலாது. அக்கதவைத் திறப்பிப்பது ஆணையன்று. ஊரார் நும்மேல் வைத்த நம்பிக்கையே.

எண்ணாத இரக்கம் பலரைக் காணாது விடும். இரங்காத எண் கண்டும் விட்டுவிடும். இரண்டினையும் ஒருங்கே கைக்கொள்வதே அறமாம்.