பொன்மானும் கணையாழியும்

நுவரெலியாவிலிருந்து வெலிமடை செல்லும் வீதியில், சீதா எலிய என்னும் இடத்திலே ஓடைக்கரையில் சீதையம்மன் ஆலயம் அமைந்துள்ளது. அன்னை சீதாபிராட்டி சிறையிருந்த அசோகவனம் இதுவே என்பது மலையக மக்களின் தலைமுறை தலைமுறையான நம்பிக்கை. 2024 மே மாதத்தில் அவ்வாலயத்தின் மகா கும்பாபிஷேகம் சிறப்பாக நடந்தேறியது.

இராமகாதையில் பொன் இருமுறை முக்கியமாக வருகிறது. பஞ்சவடியில் மாரீசன் பொன்மானாக வந்தான்; அதன்மேல் வைத்த ஆசையால் குடும்பம் பிரிந்தது. அசோகவனத்தில் அனுமன் கையில் கணையாழியாக வந்தது. உயிரை விடத் துணிந்திருந்த அன்னைக்கு அது தெம்பு தந்தது. ஓரிடத்தில் துன்பத்தையும் மற்றோரிடத்தில் ஆறுதலையும் தந்தது பொன்னே. அப்படியானால் பொன் சேர்ப்பது அறமா, ஆசையா?

தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சொந்தக் காணி இல்லை. லயத்து அறையும் தோட்டத்துக்கு உரியது. கொழுந்து பறித்து, சீட்டுக் கட்டி, மிச்சம் பிடித்து வாங்கிய தோடும் வளையலுமே அவர்களது சொத்து. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தபோது, மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் சுமார் 360 ரூபாயானது. கையிலிருந்த காசு கரைந்தது. காதிலிருந்த பவுண் கரையவில்லை. அந்நாளில் எத்தனையோ வீடுகளில் அரிசியும் மருந்தும் அந்தப் பவுணால்தான் வந்தன. அது கணையாழி.

ஆனால், விலை ஏறும் என்று எண்ணிக் கடன்பட்டுப் பவுண் வாங்குவோரும், இருப்பதை அடகு வைத்து மேலும் வாங்குவோரும் உண்டு. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 850 டொலர் வரை ஏறியது. 1999இல் சுமார் 250 டொலருக்கு இறங்கியது. மோட்டார் வாகனப் புகையைச் சுத்திகரிக்கப் பயன்படும் ரோடியம் என்னும் அரிய உலோகம் 2008இல் சுமார் 10,000 டொலரைத் தொட்டு, அவ்வாண்டு முடிவதற்குள் சுமார் 1,000 டொலராக வீழ்ந்தது. 2013இல் தங்க விலை சரிந்தபோது, இலங்கையில் கூடிய தொகைக்கு அடகு வைத்த நகைகளைப் பலர் மீட்காமலே விட்டனர், வங்கிகளும் நட்டப்பட்டன. ஓடுகின்ற விலையைத் துரத்துவது பொன்மானைத் துரத்துவதே.

தேயிலைச் செடி வாரத்துக்கு ஒருமுறை கொழுந்து தரும். பெட்டியில் கிடக்கும் பவுண் எதையும் தராது. அடகுக் கடையில் கிடக்கும் பவுணுக்கோ வட்டி வளரும். ஆகவே பொன் பிழைப்புக்கு வழியன்று. ஆபத்துக்கு உதவும் காப்பு மாத்திரமே.

“நகையை அடகு வைத்தால் இலட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுவாள்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். வீண் செலவுக்கு அஞ்சியே அவ்வாறு சொன்னார்கள். மகள் உயர்தரம் படிக்க, பிள்ளை பல்கலைக்கழகம் செல்ல, நோயாளிக்கு வைத்தியம் பார்க்க ஒரு தாய் தன் வளையலைக் கழற்றினால் அங்கே இலட்சுமி போவதில்லை. சரஸ்வதியோடு சேர்ந்து வருகிறாள். படிப்பை நிறுத்திவிட்டு வளையலைக் காப்பதுதான் நட்டம். மாறாக, ஊரார் மெச்ச ஒருநாள் விருந்து போடவும், குடிக்கவும் நகை கைமாறினால் அது பாவம்.

இன்னொன்றையும் ஆண்கள் நெஞ்சில் இருத்த வேண்டும். மனைவியின் நகை அவளுடையது. கணையாழியைப் பெற்ற சீதை, தன் சூடாமணியைத் தானாகவே எடுத்து அனுமனிடம் கொடுத்தாள். எவரும் அதைப் பறிக்கவில்லை. அவளைக் கேளாமல் பெட்டியைத் திறப்பவன், கணவனே ஆனாலும், களவு செய்தவனாவான்.

ஆகவே பவுண் வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நன்று. இது கடன்படாமல் வாங்கியதா? பிள்ளையின் படிப்புக்கும் வீட்டார் பசிக்கும் ஒதுக்கியது போக மிஞ்சியதா? ஆபத்தில் அயலவருக்கும் கொஞ்சம் உதவ மனம் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அந்தப் பொன் கணையாழி. ஒன்றுக்கேனும் இல்லை என்றால், மான் வாசலில் வந்து நிற்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

மானைக் கண்டு மயங்காத மனத்தை அன்னை எல்லோருக்கும் அருள்வாளாக.