யானைக்கு அஞ்சிய சம்மதம்

மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளில் கோயில் திருவிழாக்களையொட்டி, ஸ்பெஷல் நாடகம் என்ற பெயரில் விடிய விடிய நடைபெறும் ஆட்டங்களில் ‘வள்ளி திருமணம்’ பெற்றிருக்கும் செல்வாக்கு வேறெந்தக் கதைக்கும் எளிதில் வாய்க்காதது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) யாத்துத் தந்த இந்நாடகத்தை, வெவ்வேறு ஊர்களிலிருந்து அன்று மாலையே வந்து கூடும் நடிகர்கள், ஒத்திகை என்பதே இல்லாமல், ஹார்மோனியக்காரர் சுருதி கூட்டியதும் தொடங்கி நடத்திவிடுவார்கள். ஏனெனில் கதையும் பாட்டும் தர்க்கமும் அவர்களுக்கும், எதிரே பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒருங்கே மனப்பாடம். அவ்வளவு பழகிப்போன காரணத்தாலேயே, அக்கதையின் நடுவில் கிடக்கும் தர்மசங்கடம் நம் கருத்தில் படாமல் நழுவிவிடுகிறது. காதலின்பொருட்டுச் செய்யும் வஞ்சனை, செய்தவன் தெய்வம் என்பதனால் வஞ்சனை அல்லாமற் போகுமா?

கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தின் இறுதிப் படலத்தில் சொல்லியிருக்கும் வரலாற்றை ஒருமுறை நினைவுகூர்வோம். தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் முருகன் முதலில் வேடனாக வருகிறான், அவள் இணங்கவில்லை. தந்தை நம்பிராஜன் பரிவாரத்தோடு வந்தபோது வேங்கை மரமாக நின்று தப்பியவன், மறுமுறை நம்பிராஜன் வருகையில் தளர்ந்த சைவ விருத்தனாகி, திருநீறு அளித்து, அந்தத் தந்தையின் வாயாலேயே மகளுக்குத் துணையாக இருக்கும்படி நியமனம் பெற்றுக்கொள்கிறான். பசி என்கிறான், தேனும் தினைமாவும் கொடுக்கிறாள். தாகம் என்கிறான்; சுனைக்கு வழிகாட்டுகிறாள். இவ்வளவு உபசாரத்துக்கும் பிறகு அவன் மோகத்தை வெளியிடவே, நரைத்தும் விவேகம் வராத கிழவனென்று கடிந்துவிட்டு அவள் விலகி நடக்கிறாள். அந்தக் கணத்தில்தான் அவன் தமையனாகிய விநாயகனை நினைக்க, மதயானை ஒன்று எதிரே தோன்ற, நடுநடுங்கிய பெண், காப்பாற்று, உன் சொற்படி கேட்கிறேன் என்று கிழவனையே ஓடி வந்து தழுவிக்கொள்கிறாள்.

வேஷம் மாறியது ஒரு குற்றமானால், தெளிவாக மறுத்த பெண்ணை, மறுக்கவே இயலாத நிலைக்குத் தள்ளியது அதனினும் பெரிய குற்றம் என்று லோக தர்மம் சொல்லும். அச்சத்தில் பிறந்த சம்மதம், கள்ளன் கத்தியைக் காட்டியபோது அவிழ்த்துக் கொடுத்த நகையைப் போன்றது. கொடுத்தவள் கைதான் கொடுத்தது, ஆனால் அதைத் தானம் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். இதில் விநாயகனுக்கும், தணிகைக்குச் சென்று வள்ளியின் அழகை எடுத்தோதி வைத்த நாரதனுக்கும் பங்கில்லை என்றும் தள்ளிவிட முடியாது. உபாயத்துக்கு உடந்தையானவன் அதன் பலனுக்கும் உடந்தையே.

புராணத்திலேயே வள்ளி இந்த வினாவை எழுப்பிவிடுகிறாள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. ஆறுமுகமும் பன்னிரு தோளுமாக அவன் தன் மெய்யுருவைக் காட்டியதும், இந்த வடிவத்தை முன்னமே காட்டாமல் இவ்வளவு பொழுதை ஏன் வீணாக்கினீர் என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு, தான் செய்த குற்றத்தைப் பொறுக்கும்படியும் வேண்டுகிறாள். ஏமாந்தவள் ஏமாற்றியவனிடம் மன்னிப்புக் கேட்கும் இந்த விபரீதம், வீடுகளில் நாம் அன்றாடம் காணும் ஒன்று. அவளுக்கு அவன் தரும் சமாதானம், முற்பிறப்பில் திருமாலின் மகளாக இருந்து நீ எம்மை வேண்டித் தவம் புரிந்தாய், அதனால் வந்தோம் என்பது.

சைவ சித்தாந்திகள் இந்தச் சமாதானத்தை முழு மனத்தோடு ஏற்பர். ஐம்புலன்களாகிய வேடர்களிடையே வளர்ந்து தன்னை மறந்த ஆன்மாவை, அதன் உண்மை நிலையை உணர்த்திக் குரு வடிவாக வந்து இறைவன் ஆட்கொள்வதாக மெய்கண்டாரின் சிவஞான போதம் எட்டாம் சூத்திரத்தில் பேசுகிறது; படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் என்பவற்றோடு மறைத்தலும் ஐந்தொழில்களில் ஒன்று; மறைப்பதும் பக்குவம் வரும்வரை காத்திருக்கும் கருணையே என்பது அவர்கள் துணிபு. இந்தத் தத்துவத்தை நான் மறுக்க முற்படவில்லை. ஆனால் அது நிற்கும் அஸ்திவாரம் எது என்று பார்க்க வேண்டும். ஓர் உயிரின் உள்ளத்தை, அவ்வுயிரே அறியாத ஆழத்தில், பிழையின்றி அறிந்தவன் ஒருவன் உண்டு. அவனுக்கு அவ்வுயிரிடமிருந்து பெற வேண்டியது ஒன்றுமில்லை. இவ்விரண்டும் உண்மையானால்தான் மறைப்பு அருளாகும். இவற்றில் ஒன்று பொய்த்தாலும் அது வெறும் சூழ்ச்சி.

அகலிகையின் கணவனுடைய உருவத்தைப் போர்த்து வந்த இந்திரனும் வேஷம்தான் போட்டான். அவனுக்குக் கிடைத்தது சாபம். காளிதாசனின் குமாரசம்பவத்தில், தவம் செய்யும் பார்வதியிடம் பிரம்மசாரியாக வந்து சிவனையே இகழ்ந்து பேசும் சிவனும் வேஷதாரிதான். ஆயினும், கேட்கப் பொறாமல் அவள் எழுந்து போக முனைந்த மாத்திரத்தில், வேஷத்தைக் களைந்துவிட்டுத்தான் அவன் அவளைப் பற்றுகிறான். அங்கே மறைப்பு அவளுடைய உறுதியை அவளுக்கே காட்டியது. அவளுடைய சுவாதீனத்தைப் பறிக்கவில்லை. வள்ளி விலகி நடந்தபோது வந்ததோ யானை.

மனிதக் காதலன் எவனாவது, உன் மனம் உனக்கே தெரியாது, எனக்குத் தெரியும் என்று ஒரு பெண்ணிடம் சொல்வானானால், அவன் பேசுவது முருகன் பேசிய வாக்கியம். தெய்வத்தின் வாயில் மெய்யாகிய அது, அவன் வாயில் பொய். ஏனெனில் முக்காலமும் உணர்ந்த ஞானம் அவனுக்கு இல்லை, பெற்றுக்கொள்ள வேண்டிய ஆசையோ நிரம்ப இருக்கிறது. தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டுவதும், ஊரார் பழிப்பர் என்று அச்சுறுத்துவதும், தானே உண்டாக்கிய ஆபத்திலிருந்து தானே மீட்பவனாக வந்து நிற்பதும் அவன் ஏவிவிடும் யானைகள். பயந்து தழுவியவள்மீது அந்தப் பொறுப்பில் அணுவளவும் சாராது. முழுப் பொறுப்பும் ஏவியவனுடையது.

பக்தனுக்கு மேடையில் நிற்பது கந்தவேள். ஆனால் கொட்டகையில் இருக்கும் இளைஞன் காண்பது, மறுத்த பெண்ணை விடாமல் துரத்தி வென்ற ஓர் ஆடவனையும்தான். ஆகவே ராஜபார்ட்டாகவும் ஸ்திரீபார்ட்டாகவும் நடிக்கும் கலைஞர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று. கிழவனும் யானையும் வரும் கட்டத்தைச் சிரிப்புக்காக நீட்டாதீர்கள். வள்ளியின் நடுக்கம் நடுக்கமாகவே சபையோருக்குத் தெரியட்டும். முன்னமே ஏன் மெய்யுருவைக் காட்டவில்லை என்று அவள் கேட்கும் கேள்வியை, கடைசி வரிசையில் இருப்பவன் காதிலும் விழும்படி சொல்லுங்கள். பதில் சொல்லும் யோக்கியதை ஆறுமுகனுக்கு மட்டுமே உண்டு, நமக்கு இல்லை.